டெஸ்டர் எரியவில்லை

என் தங்கை நெஞ்சடைப்பில் சாகவில்லை. ஊருக்கு அப்படித்தான் சொன்னேன். அவள் புருஷன் அதை நம்பியபடியே போய்ச் சேர்ந்துவிட்டார். மகள் இன்றும் நம்பிக்கொண்டிருக்கிறாள். என் தங்கை மாவரைக்கும் கிரைண்டரில் கரண்ட் அடித்துச் செத்தாள், என் வீட்டுப் பின்கட்டில். அதற்கு வேண்டியதையெல்லாம் நானே செய்து வைத்திருந்தேன். ஆனால் நான் இங்கே எழுத வந்தது அந்தச் சாவை மட்டும் அல்ல. அதன் பிறகு அந்தக் கிரைண்டர் எங்கே போனது என்பதையும் சேர்த்துத்தான்.

எண்பதுகளின் கடைசியில் நான் அருப்புக்கோட்டையில் பள்ளி ஆசிரியர். இயற்பியல் பாடம். எங்கள் தெருவில் கருவி வைத்திருக்கும் ஆள் நான்தான். ரேடியோச் செய்தி தொடங்கும் நேரத்துக்குக் கைக்கடிகாரத்தைத் தினமும் சரி செய்வேன். தெருக்காரர்கள் என்னிடம் மணி கேட்டுத் தங்கள் கடிகாரத்தைத் திருப்புவார்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் ஜுரமானி வாங்க என் வீட்டுக்குத்தான் வருவார்கள். சட்டைப் பையில் பேனாவுக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு டெஸ்டர் இருக்கும். பார்க்கத் திருப்புளி போலத்தான். நுனியைக் கரண்ட் இருக்கும் இடத்தில் வைத்து, தலையில் விரலை அழுத்தினால் உள்ளே ஒரு சின்ன விளக்கு சிவப்பாக எரியும். யார் வீட்டில் பல்பு எரியாவிட்டாலும் என்னைக் கூப்பிட்டார்கள். கூப்பிடுவது எனக்குப் பிடித்திருந்தது.

கிரைண்டர் வாங்கியபோதும் அப்படித்தான், தெருவே வந்து பார்த்தது. பெரிய எவர்சில்வர் பானை, அதற்குள் கல், அடியில் மோட்டார். அதைப் பின்கட்டில், வானம் தெரிகிற இடத்தில் வைத்தோம். வயரிங் செய்தவர் கொல்லையில் ஒரு குழி தோண்டி, கரியும் உப்பும் போட்டுக் குழாய் இறக்கி, கசிகிற கரண்டை மண்ணுக்குள் இறக்கும் எர்த் கம்பியை அதில் முறுக்கிவிட்டுப் போனார். போகும்போது என் மனைவியிடம், கோடையில் தினமும் இதில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றுங்கள், மண் காய்ந்தால் எர்த் வேலை செய்யாது என்று சொன்னார். அவள் அரிசி களைந்த தண்ணீரை அங்கே கொண்டுபோய் ஊற்றிவந்தாள். விளக்கேற்றுவது மாதிரி மறக்காமல் செய்தாள்.

அந்த வருஷம் மழை பொய்த்தது. குழாயில் தண்ணீர் வந்து வாரங்கள் ஆகின. லாரித் தண்ணீருக்குக் குடத்தை வரிசையில் வைத்துவிட்டுக் காத்திருந்தோம். நான் கோடு போட்ட பிளாஸ்டிக் மக் ஒன்றை வாங்கி, குளிக்க இத்தனை, கழுவ இத்தனை என்று வீட்டில் சட்டம் போட்டேன். அரிசி களைந்த தண்ணீரைப் பாத்திரம் கழுவ வைத்துக்கொள்ளச் சொன்னேன். எர்த் குழி என்னாவது என்று அவள் கேட்டாள். மனுஷனுக்கே தண்ணீர் இல்லை, மண்ணுக்கு எதற்கு என்றேன். ஈர மண் மின்சாரத்தைக் கடத்தும், காய்ந்த மண் கடத்தாது. இதை வருஷா வருஷம் கரும்பலகையில் எழுதிப் போட்டவன் நான்.

ஒரு மாதம் கழிந்திருக்கும். அவள் வந்து, "ஏங்க, கிரைண்டரத் தொட்டா சுருக்குன்னு இழுக்குது" என்றாள்.

நடுப்பகலில் போய்ப் பார்த்தேன். காலில் ரப்பர் செருப்பு. சிமெண்டுத் தரை காய்ந்து வெளுத்துக் கிடந்தது. வெயில் நேராகப் பானையின் மேல் விழுந்து கண் கூசியது. டெஸ்டரை வைத்தேன். எரியவில்லை. இன்னோர் இடத்தில் வைத்தேன். அங்கும் எரியவில்லை. ரப்பர் செருப்போடு நின்றால் அது மங்கலாகத்தான் எரியும், அந்த வெயிலில் எரிந்திருந்தாலும் தெரிந்திருக்காது. செருப்பைக் கழற்றிவிட்டு, கையால் நிழல் கட்டிப் பார்த்திருக்க வேண்டும். அன்றைக்கு அது எனக்குத் தோன்றவில்லை. தோன்றவில்லை என்பதும் முழு உண்மை இல்லை. அவள் சொன்னது தப்பாக இருக்கவேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் போனேன்.

மனப்பிராந்தி என்றேன். இன்னும் இரண்டு தடவை சொன்னாள். இரண்டு தடவையும் டெஸ்டரை அவள் முகத்துக்கு நேரே காட்டினேன். பிறகு அவள் சொல்வதை விட்டுவிட்டாள். ஒரு காய்ந்த சாக்கை நாலாக மடித்துக் கிரைண்டர் முன்னால் போட்டு, அதன்மேல் நின்று அரைக்கத் தொடங்கினாள். மாவு தள்ளுவதற்கு மரக்கரண்டி. எதற்கு இது என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரிந்திருந்தது.

பங்குனிப் பொங்கலுக்கு என் தங்கை நரிக்குடிப் பக்கத்திலிருந்து மகளைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அவளுக்கு என் மனைவியோடு நல்ல ஒட்டுதல். என்னைத் தெய்வமாக நினைத்தாள். வீட்டில் முதலில் படித்தவன், அவளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தவன்.

அன்று காலை தெருமுனையில் தண்ணீர் லாரி வந்தது. என் மனைவியும் தங்கை மகளும் குடங்களை எடுத்துக்கொண்டு ஓடினார்கள். முதல் நடையில் கொண்டுவந்த தண்ணீர் பின்கட்டில் இருந்தது. மறுபடி கிளம்பும்போது என் மனைவி தங்கையிடம், "ஏத்தா, சாக்குல ஏறி நின்னுக்க. அந்த மெசினு சரியில்ல" என்றாள்.

நான் தினசரி படித்துக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்தே சிரித்தேன்.

"ஒங்க மதினிக்கு வேற வேலையில்ல. நான் டெஸ்டர் வச்சுப் பாத்துட்டேன்த்தா. ஒண்ணுமில்ல."

"அண்ணன் பாத்தா சரிதான் மதினி" என்றாள் தங்கை. என் மனைவி குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு போனாள்.

பத்து நாளில் அன்றுதான் வீட்டில் தாராளமாகத் தண்ணீர் இருந்தது. தங்கை சுத்தக்காரி. பானையைக் கழுவி, தரையிலும் ஒரு வாளியை ஊற்றித் தேய்த்தாள். சாக்கு நனைந்துவிடக் கூடாதென்று அதை எடுத்துக் கொடியில் போட்டிருக்கிறாள். கிரைண்டர் சுற்றும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் சத்தம் ஒரே மாதிரி இருந்தது. அவள் பாட்டுப் பாடிக்கொண்டே வேலை செய்கிறவள். பாட்டு நின்றதை நான் கவனித்தேன். கவனித்தும் பக்கத்தைத் திருப்பிப் படித்தேன்.

எழுந்து போனபோது அவள் பானையைப் பிடித்தபடி அதன்மேல் சாய்ந்திருந்தாள். கல் சுற்றிக்கொண்டே இருந்தது. பிளக்கைப் பிடுங்கியதும் தரையில் விழுந்தாள்.

மூச்சில்லை. உள்ளங்கையில் துவரம்பருப்பு அளவுக்கு வெள்ளையாக ஒரு சுட்ட தடம். அந்தக் கையை நான் மூடிவிட்டேன். முதலில் அதைத்தான் செய்தேன், அலறுவதற்கு முன்னால். பிறகுதான் ஆட்களைக் கூப்பிட்டேன். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாள் என்று சொன்னேன். டாக்டரிடமும் அதையே சொன்னேன். வாத்தியார் சொல்வதை அவர் ஏன் சந்தேகப்பட வேண்டும்?

தங்கையைக் குளிப்பாட்டியவர்களில் என் மனைவியும் இருந்தாள். வெளியே வந்து என்னை ஒரு பார்வை பார்த்தாள். அதன் பிறகு அவள் சாகும்வரை நாங்கள் இதைப் பற்றிப் பேசியதில்லை.

கருமாதி முடிந்த மறுநாள் தங்கை புருஷன் பின்கட்டில் போய் நின்றார். நல்ல மனுஷர். கோபம் மட்டும் சட்டென்று வரும். ஊரில் கொஞ்சம் புஞ்சை, ஆடுகள்.

"மச்சான், இந்தக் கிரைண்டர நான் கொண்டு போகட்டுமா? அவ கடைசியாத் தொட்டது. பிள்ளையும் ஆட்டுரல்ல கெடந்து ஆட்டுது" என்றார்.

மோட்டார் சரியில்லை மாப்பிள்ளை, வேண்டாம் என்றேன். அவர் பிளக்கை மாட்டி சுவிட்சைப் போட்டார். கிரைண்டர் நன்றாக ஓடியது. ஓடுகிற கிரைண்டரின் விளிம்பில் அவர் கையை வைத்தார். தரை காய்ந்திருந்தது. அவர் காலில் டயர்ச் செருப்பு. ஒன்றும் ஆகவில்லை.

"நல்லாத்தான ஓடுது. ஒங்களுக்குக் குடுக்க மனசில்லையா மச்சான்?"

அப்போது சொல்லியிருக்கலாம். சொன்னால், தெரிந்துமா என் பெண்டாட்டியை நிற்கவைத்தாய் என்று கேட்பார். தாராளமாகக் கொண்டுபோங்கள் என்றேன். என் மனைவி அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். டிராக்டரில் ஏற்றினார்கள். தங்கை மகள் அது ஆடாமல் இருக்கக் கட்டிப்பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து போனாள். அவளுக்குப் பன்னிரண்டு வயது இருக்கும்.

அதற்குப் பிறகு நான் பட்டதைச் சொல்லி இரக்கம் கேட்கப் போவதில்லை. நரிக்குடி பஸ்ஸில் வந்த யாராவது என் வகுப்பு வாசலில் நின்றால் கையிலிருந்த சாக்பீஸ் ஒடிந்தது. தந்திக்காரர் சைக்கிள் தெருவில் திரும்பினால் கொல்லைக்குப் போய்விடுவேன். இத்தனையும் பட்டேன், ஒரு பஸ் ஏறிப் போய் நாலு வார்த்தை சொல்லவில்லை. மழைக்காலம் வந்தது. மழையே இல்லை என்று அழுத ஊரில், மழை பெய்யக் கூடாது என்று வேண்டிக்கொண்ட ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். தங்கை புருஷன் வீடு மண்தரை வீடு. ஓட்டு வீடு. ஒழுகும்.

ஐப்பசியில் தங்கை புருஷன் தீபாவளிச் சாமான் வாங்க டவுனுக்கு வந்தவர் வீட்டுக்கும் வந்தார். காபி குடித்துக்கொண்டே, கிரைண்டர் பிளக்கில் மூன்று முள் இருந்ததாகவும், தங்கள் வீட்டில் இரண்டு ஓட்டைதான் என்பதால் பெரிய முள்ளை ஒடித்துவிட்டு மாட்டியதாகவும் சொன்னார். அந்தப் பெரிய முள்தான் எர்த். மகள் நன்றாக அரைக்கிறாளா என்று கேட்டேன்.

"அரைக்குது. என்னமோ சுள்ளுங்குதுப்பான்னு சொல்லுது. வேலை செய்யச் சோம்பேறித்தனம் மச்சான், வேற என்ன."

மறுநாள் லீவு சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். திருச்சுழியில் வண்டி நின்ற நேரம் முழுவதும், போய்ச் சேரும்போது அவர்கள் வீட்டு வாசலில் கூட்டம் நிற்கும் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். கூட்டம் இல்லை. கிரைண்டர் சத்தம் மட்டும் கேட்டது. முந்தின நாள் மழையில் தரை நசநசவென்று இருந்தது. பிள்ளை வெறுங்காலோடு, பாவாடையைச் செருகிக்கொண்டு, பானைக்குள் கையை விடக் குனிந்துகொண்டிருந்தாள்.

சத்தம் போட்டுத் தடுத்தேன். திடுக்கிட்டுக் கையை எடுத்துக்கொண்டாள். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, தாகமாக இருக்கிறது, கடையில் போய்க் கலர் வாங்கி வா என்று அனுப்பினேன். அவள் திரும்பி வருவதற்குள் அடித்தட்டைக் கழற்றினேன். மாவுத் தண்ணீர் இறங்கி மோட்டார் கம்பி ஓரிடத்தில் தோலுரிந்து கிரைண்டர் உடம்போடு ஒட்டிக் கிடந்தது. நிழலில் அது பளிச்சென்று தெரிந்தது. டெஸ்டரின் நுனியாலேயே சுருளைக் குத்திக் கிழித்து, நாலைந்து கம்பிகளை அறுத்துவிட்டுத் தட்டை மாட்டினேன். இனி அது ஓடாது. யாரையும் தொடாது. செத்துப் போன என் தங்கைக்கு ஏதோ செய்துவிட்ட மாதிரிகூட ஒரு நிமிஷம் இருந்தது.

சாயங்காலம் அவள் அப்பா வந்தார். பிள்ளை சுவிட்சைப் போட்டுப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் என்ன ஏதென்று கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"நீங்க படிச்சவுக, சொல்லுங்க மச்சான். அரிசிய அள்ளிப் போட்டுட்டா. லோடு தாங்காம மோட்டாரு எரிஞ்சுபோச்சு. அதான?"

பிள்ளையும் என்னைப் பார்த்தாள்.

"ஆமா மாப்ள" என்றேன். "லோடு தாங்கல."

அவர் அவளை அறைந்தார். அம்மா கடைசியாகத் தொட்ட சாமானையும் அழித்துவிட்டாயே என்று மறுபடி கையை ஓங்கினார். நான் அவர் கையைப் பிடித்தேன். அதற்கு மேல் ஒன்றும் செய்யவில்லை. அவள் அழவில்லை. பஸ்ஸுக்கு என்னோடு நடந்து வந்தபோது, "நெசமா ஒரு படிதான் மாமா போட்டேன்" என்று மெதுவாகச் சொன்னாள். எனக்குத் தெரியும் என்று சொல்லலாம். சொன்னால், எப்படித் தெரியும் என்று கேட்பாள். பார்த்துப் போம்மா என்றேன்.

தொண்ணூறுகளின் நடுவில் அவளுக்குக் கல்யாணம் பேசி முடித்தார்கள். தாய்மாமன் சீர் என்னுடையது. எம்.ரெட்டியபட்டிப் பக்கத்தில் மாப்பிள்ளை வீடு, கூட்டுக் குடும்பம், நிறையப் பேர். என் மனைவி யோசித்து யோசித்து, புதுக் கிரைண்டர் ஒன்று எடுத்துக் கொடுப்போம் என்றாள். இத்தனை வருஷத்தில் அந்த வார்த்தையை அவள் வாயிலிருந்து அன்றுதான் கேட்டேன். கடைக்குப் பெண்ணையும் கூட்டிப் போனோம். அப்போதெல்லாம் மேஜை மேல் வைக்கும் சின்ன கிரைண்டர் வந்துவிட்டது. கடைக்காரர் ஓட்டிக் காட்டினார். பிள்ளை இரண்டு கையையும் முந்தானைக்குள் வைத்துக்கொண்டு தள்ளியே நின்றாள்.

"வேணாம் மாமா. நான் தொட்டா எரிஞ்சுபோகும். அம்மா மெசினயே அழிச்சவ நானு" என்றாள். சொல்லும்போது சிரித்தாள்.

என் மனைவி என் முகத்தைப் பார்த்தாள். நான் கடைக்காரரிடம் பித்தளை அண்டா இருக்கிறதா என்று கேட்டேன்.