ஆறரை மணித் திட்டு

என் அக்கா புருஷன் ஜெபமணிக்குக் காலையில் யாராவது திட்டினால்தான் வயிறு இளகும். சிரிக்காதீர்கள். நானும் முதலில் சிரித்தவன்தான். அப்புறம் கண்ணுக்கு எதிரே மனுஷன் துரும்பாக இளைப்பதைப் பார்த்துத் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன்.

மச்சானுக்குச் சொந்த ஊர் வெள்ளகோவில். டெக்ஸ்டைல் டிப்ளமோ முடித்த கையோடு பீளமேட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு நூல் மில்லில் டிரெயினியாகச் சேர்ந்தார். மீசை சரியாக முளைப்பதற்குள் சூப்பர்வைசர், அது நரைப்பதற்குள் மேனேஜர். மில் முதலாளி சீனிவாசலு கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். தீபாவளிக்கும் கிறிஸ்துமஸுக்கும் தனித்தனியாக ஸ்வீட் பாக்ஸ் அனுப்புகிறவர். ஆனால் காலை ஆறரைக்கு மேனேஜருக்குப் போன் போட்டுத் திட்டாவிட்டால் அவருக்குப் பொழுது விடியாது.

"ஏய்யா, ராத்திரி ஷிஃப்ட்ல நூலு அந்து அந்து போச்சாமே? நீ சோறு திங்கறயா, பஞ்சு திங்கறயா? உனக்குக் குடுக்கற சம்பளத்துக்கு நாலு எருமை கட்டியிருந்தா பாலாவது கறந்திருப்பேன்!"

அதே டவுனில் ராமநாதபுரம் ஏரியாவில் இருந்த வீட்டில், கதவு நிலையில் சாய்ந்துகொண்டு மச்சான் "சரிங்க, சரிங்க, பாத்துக்கறேனுங்க" என்பார். போனை வைத்ததும் நேரே பாத்ரூம். வந்து ஐந்து இட்லி. பிறகு மில். ஞாயிற்றுக்கிழமை, பண்டிகை எதற்கும் விடுமுறை கிடையாது. கல்யாணத்துக்கு மறுநாள் காலையும் போன் அடித்தது. அந்தச் சத்தத்தைக் கேட்ட என் அக்கா சாரா வெலவெலத்துப்போய், "யாருங்க அது, உங்கப்பாவுங்களா?" என்று கேட்டாளாம்.

நாற்பத்தெட்டாவது வயதில் மில்லுக்குள்ளேயே மயங்கி விழுந்தார். இதயம். டாக்டர் மூடி மறைத்தெல்லாம் பேசவில்லை. "மறுபடி அந்த வேலைக்குப் போனா, அடுத்த தடவை இங்க கூட்டிட்டு வர வேண்டாம். நேரா சர்ச்சுக்கே கொண்டுபோயிருங்க" என்றார். ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே ராஜினாமா எழுத வைத்தாள் அக்கா. மில்லில் ஒரு சால்வை போர்த்தி, ஒரு வெட் கிரைண்டர் கொடுத்து அனுப்பி வைத்தார்கள். ஆண்டவருக்கு ஸ்தோத்திரம், இனிமேல் மனுஷன் நிம்மதியாக இருப்பார் என்று நினைத்தோம்.

மறுநாள் ஆறரைக்கு மச்சான் போனைக் கையில் வைத்துக்கொண்டு கதவு நிலையில் நின்றார். போன் அடிக்கவில்லை. ஏழு மணி வரை நின்று பார்த்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். பாத்ரூம் பக்கம் போகவே இல்லை. இட்லி ஆறிப்போனது.

அதற்கு அடுத்த நாளும் அப்படியே. வாரம் முழுக்க அப்படியே. பூவன்பழம் கொடுத்தோம், விளக்கெண்ணெய் கொடுத்தோம், மேட்டுப்பாளையத்தில் யாரோ சொன்ன கஷாயத்தைக் காய்ச்சிக் கொடுத்தோம். ஸ்கேன் பார்த்த டாக்டர் வயிறு கண்ணாடி மாதிரி சுத்தமாக இருக்கிறது என்றார். அது சுத்தமாக இல்லாததுதானே ஐயா எங்கள் பிரச்சினை!

விஷயம் உக்கடம் பஸ் ஸ்டாண்டில்தான் வெளிப்பட்டது. ஓடுகிற பஸ்ஸிலிருந்து இறங்கப் பார்த்த மச்சானைக் கண்டக்டர் ஒருவர், "யோவ், சாகறதுக்கு என்ற வண்டிதான் கெடைச்சுதா? கண்ணு என்ன பொடனிலயா இருக்குது?" என்று பிடித்து விளாசியிருக்கிறார். மச்சான் முகமெல்லாம் மலர்ந்து ஆட்டோ பிடித்து வீட்டுக்கு ஓடி வந்தார். அன்றைக்கு ஆறு இட்லி.

அதற்கப்புறம் தினமும் உக்கடம் கிளம்பிவிட்டார். ஆனால் நம் ஊர்க்காரர்களைத்தான் தெரியுமே. முகம் பழகிவிட்டால் அப்புறம் மரியாதை தாங்க முடியாது. மூன்றாம் நாளே அதே கண்டக்டர், "வாங்க சார், பாத்து ஏறுங்க, ஜன்னல் சீட்டு வெச்சிருக்கறனுங்க" என்றிருக்கிறார். மச்சான் அழாத குறையாகத் திரும்பி வந்தார்.

சரி, வீட்டிலேயே திட்டிவிடலாம் என்று அக்கா முயன்று பார்த்தாள். இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "ஏனுங்க, நீங்க பண்றது கொஞ்சங்கூட நல்லால்லீங்க. எனக்குக் கோவம் வந்துரும் பாத்துக்கங்க. காபி ஆறுது, குடியுங்க" என்றாள். இது திட்டா? விருந்தாளிக்குச் சொல்கிற உபசாரம்! பாஸ்டரைக் கூப்பிட்டோம். அவர் கடுமையாகத்தான் ஆரம்பித்தார். ஐந்தாவது வாக்கியத்திலேயே கண்ணை மூடி ஜெபம் பண்ணத் தொடங்கிவிட்டார்.

கடைசியில் என் தலையில் விழுந்தது. நான் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவன். கிளச்சை மிதிக்கத் தெரியாதவர்களை நாள் முழுக்கத் திட்டித்தான் பிழைப்பு ஓடுகிறது. "தாமஸு, நீ திட்டுனா கண்டிப்பா ஆகும்" என்றாள் அக்கா. மச்சானை என் ஸ்கூல் காரில் உட்கார வைத்தேன். பாவம், அவரும் ஒத்துழைத்தார். அவிநாசி ரோட்டில் சிக்னலுக்கு நடுவே வேண்டுமென்றே வண்டியை ஆஃப் பண்ணிவிட்டு ஆவலாக என் முகத்தைப் பார்த்தார். பின்னால் இருந்த வண்டியெல்லாம் ஹாரன் அடிக்கிறது. நான் வாயைத் திறந்தேன். "பரவால்லீங்க மச்சான், மெதுவா எடுங்க" என்றுதான் வந்தது. அக்கா புருஷனாயிற்றே, வேறென்ன வரும்?

அன்று சாயங்காலம் மச்சான் சொன்னார்: "மாப்ளே, நான் மில்லுக்கே போயர்றேன். இப்படிப் பட்டினி கெடந்து சாகறதுக்கு அங்க நின்னே சாகலாம்." அக்கா சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த வெட் கிரைண்டரை ஓர் உதை விட்டேன். கால்தான் வீங்கியது.

இந்த நேரம் பார்த்து முதலாளியின் மனைவி அம்புஜம் அம்மாள் காரில் வந்து இறங்கினார். கையில் ஒரு பை மாம்பழம், முகத்தில் தூக்கமே இல்லை.

"உங்க ஊட்டுக்காரரு போனதிலிருந்து எங்க ஊட்டுக்காரருக்குப் பிரஷர் எறங்கவே மாட்டேங்குது சாரா. புது மேனேஜர் வம்சின்னு ஒரு பையன். திட்டுனா, 'சார், உங்க டோன் சரியில்ல, இந்த போன்காலை ரெக்கார்ட் பண்றேன்'ங்கறானாம். திட்ட ஆளில்லாம பேப்பரக் கிழிக்கறாரு, நாயப் போட்டுக் கத்தறாரு. நாயும் ஓடிப்போச்சு."

மச்சானின் கண்ணில் அன்றைக்குத்தான் ஒரு வெளிச்சம் பார்த்தேன். அக்கா மட்டும் பிடிவாதமாக இருந்தாள். மில்லுக்குப் போகவே கூடாது. வேண்டுமானால் போன் மட்டும். அந்த அம்மாள் சந்தோஷமாகத் தலையாட்டிவிட்டுப் போனார்.

மறுநாள் ஆறரைக்குப் போன் அடித்தது. வேலையில் இல்லாத ஆளை, அவருக்குச் சம்பந்தமே இல்லாத நூலுக்காக, முதலாளி ஆனந்தமாகத் திட்டினார். மச்சான் ஆனந்தமாக "சரிங்க, சரிங்க" என்றார். பாத்ரூம் கதவு சாத்திய சத்தம் கேட்டு அக்கா சிலுவை இருந்த பக்கம் திரும்பிக் கும்பிட்டாள். உலகத்தில் இப்படியும் ஒரு வைத்தியம் உண்டா என்று எனக்கு ஒரே எரிச்சல். ஆனாலும் மச்சானின் கன்னம் தேறியது.

வந்தது வினை. கொஞ்ச நாளில் மச்சான் "சரிங்க"வோடு நிறுத்தாமல், "எந்த மெஷினுங்க? பெல்ட்டு பாத்தாங்களா?" என்று பதில் கேட்க ஆரம்பித்தார். அப்புறம் வம்சிக்கு இவரே போன் பண்ணினார். பழைய பேண்ட்டை இஸ்திரிக்குப் போட்டார். அக்கா கேட்டதற்கு, "சும்மாதான், துணி கசங்கக் கூடாதில்ல" என்றார்.

ஒரு திங்கட்கிழமை காலை நான் தோசை மாவு வாங்க அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். போன் அடித்தது. முதலாளி கத்தியது எனக்கே கேட்டது. "வம்சி வேலைய உட்டுட்டுப் போய்ட்டான்! ஷிஃப்ட்டு நிக்குது. பத்து நிமிசத்துல நீ இங்க இருக்கோணும்!"

"வாரேனுங்க" என்று சொல்லிவிட்டு மச்சான் குனிந்து ஷூவை மாட்டினார். ஒரு கால் மாட்டியதுமே மூச்சு வாங்கி நெஞ்சில் கை வைத்தார். வைத்த கையை எடுத்துவிட்டு அடுத்த ஷூவைத் தேடினார்.

அக்கா கையில் இருந்த கரண்டியோடு வந்து போனைப் பிடுங்கினாள்.

"யோவ் சீனிவாசலு! உன்ற மில்லு நின்னா நிக்கட்டும், இழுத்துப் பூட்டு! என்ற புருசன் என்ன உன்ற பஞ்சுப் பொதியா, இழுத்த இழுப்புக்கு வர்றதுக்கு? என்ற மகன் பொறந்தப்ப இவரு மில்லுல. என்ற அம்மாவ அடக்கம் பண்ணப்ப மில்லுல. இனி ஒரு தடவ கூப்புட்டுப் பாரு, கார் ஏறி வந்து உன்ற வாய்லயே இந்தக் கரண்டியச் சொருகிப்போடுவேன்!"

போனுக்குள்ளிருந்து மெலிதாக ஒரு குரல் வந்தது. "சரிங்க... சரிங்க அம்மணி..."

அக்கா போனைச் சோபாவில் எறிந்துவிட்டு மச்சான் பக்கம் திரும்பினாள். கல்யாணமான நாளிலிருந்து அவரை ஒரு தடவைகூட "நீ" என்று சொல்லாதவள்.

"நீ எங்கடா போற? கழட்டுடா ஷூவ! நெஞ்சப் புடிச்சுட்டு ஓடற, கிறுக்கா! நீ செத்துப்போனா அந்த ஆளு ஒரு மாலையப் போட்டுட்டு அடுத்தவனத் திட்டப் போயிருவான். நான் யாரடா திட்டறது? சொல்லு, நான் யாரத் திட்டறது?"

சொல்லி முடிப்பதற்குள் அழுகை முட்டி, கரண்டி கீழே விழுந்தது. நான் மாவு இருந்த தூக்குப் பாத்திரத்தைக் கட்டிக்கொண்டு சுவரோரம் ஒட்டி நின்றேன்.

மச்சான் ஒற்றை ஷூவோடு உட்கார்ந்திருந்தார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது. "மாப்ளே" என்றார் என்னைப் பார்த்து. "இத்தன வருசமும் நூலு அந்ததுக்குத்தான் திட்டுனாங்க. எனக்காக யாரும் திட்டுனதில்ல."

நான் ஏதாவது ஆறுதல் சொல்லலாம் என்று வாயெடுத்தேன். அதற்குள் அவர் முகம் மாறியது. சட்டென்று எழுந்து, அந்த ஒற்றை ஷூவோடு பாத்ரூமுக்கு ஓடினார்.

மறுநாள் தூக்கைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். மணி ஆறரை. சோபாவில் கிடந்த போன் அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை.

"மச்சான் எங்கக்கா?" என்றேன்.

அக்கா இட்லித் தட்டில் எண்ணெய் தடவியபடி பாத்ரூம் கதவைக் காட்டினாள்.

"உள்ள இருக்காரு. ஆறு மணிக்கே திட்டிப்போட்டேன்."