சாய்ந்து நிற்கும் அண்ணன்

திரையில் அண்ணன் மட்டும் நின்றார். அவருக்குப் பின்னால் சாம்பலும் வெள்ளையுமாகச் சின்னச் சின்னக் கட்டங்கள். எங்கள் தொழிலில் அந்தக் கட்டங்களுக்கு ஒரே பொருள்தான்: இங்கே ஒன்றுமில்லை. படத்தின் பின்னணியை நீக்கிவிட்டால் மென்பொருள் அந்த வெறுமையைக் கட்டம் போட்டுக் காட்டும். பிறகு அந்த இடத்தில் நீல வானத்தையோ, கோபுரத்தையோ, ரோஜாத் தோட்டத்தையோ வைத்துக்கொள்ளலாம். கண்டி நகரில் ஓர் அச்சகத்தில் கணினிக்கு முன்னால் உட்கார்ந்து பல ஆண்டுகளாக இதைத்தான் செய்துவருகிறேன். மாப்பிள்ளையைச் சுவரிலிருந்து பிரித்திருக்கிறேன், தேர்தலில் நிற்பவரைக் கூட்டத்திலிருந்து பிரித்திருக்கிறேன். இறந்தவர்கள் எங்களிடம் பெரும்பாலும் கல்யாண வீடுகளிலிருந்துதான் வருவார்கள். நல்ல உடுப்போடு எடுத்த கடைசிப் படம் அங்கேதான் இருக்கும். அண்ணனும் அப்படித்தான் வந்தார்.

அவரைக் கொண்டுவந்தது அண்ணி. ஹேவாஹெட்டயிலிருந்து காலை பஸ்ஸில் வந்து, கடை திறக்கும்வரை வாசலில் நின்றிருந்தார். வேலைக்குக் கிளம்பும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த அண்ணன் எழுந்திருக்கவேயில்லை. கருமாதிக்கு நாள் குறித்தாகிவிட்டது. மாலை போட்டு வைக்க ஒரு படம் வேண்டும். வீடு முழுக்கத் தேடியும் அடையாள அட்டையில் இருந்த பழைய படத்தைத் தவிர, மடுல்கெல்லயில் நடந்த உறவுக்காரப் பெண்ணின் கல்யாணத்தில் யாரோ போனில் எடுத்த இந்த ஒன்றுதான் கிடைத்தது. அதில் அண்ணன் தனியாக இல்லை. அவரது வலப்பக்கத்தில் அண்ணி நின்றார். அவருடைய கை அண்ணனின் கட்டம் போட்ட சட்டைக் கையைப் பிடித்திருந்தது. பெரியப்பாதான் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார், அண்ணியை எடுத்துவிட வேண்டும் என்று. "உசுரோட இருக்கிற பொம்பளைக்கும் சேத்து மாலை போடுவியாடா?" என்று என்னிடம் போனில் கேட்டார். எங்கள் பக்கம் யாரும் மீறாத வழக்கம் அது. அண்ணியும் மறுக்கவில்லை. "நல்ல படமா ஒன்னு இருந்தாப் போதும் தம்பி, வேற ஒன்னும் வேணாம்" என்றார்.

அண்ணனுக்குப் படங்கள் இல்லாததற்கு அவருடைய இடது காதுதான் காரணம். சிறு வயதில் சீழ் வைத்து, தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரி மருந்தை ஊற்றி ஊற்றி, கடைசியில் அந்தக் காது கேட்காமல் போனது. நாங்கள் தோட்டத் தொழிலாளர் லயத்து ஒற்றை அறையில் ஒரே பாயில் படுத்தவர்கள். நல்ல காதைத் தலையணையில் அழுத்திப் படுத்துவிட்டால் தகரத்தில் மழை கொட்டினாலும் அவர் எழமாட்டார். உலுக்கித்தான் எழுப்ப வேண்டும். பகலில், யார் பேசினாலும் வலது காதைக் கொடுத்து அந்தப் பக்கமாகச் சாய்வார். தலையை மட்டுமல்ல, தோளிலிருந்து மொத்த உடம்பையும் சாய்ப்பார். தோட்டத்துப் பையன்கள் "சாஞ்ச மரம்" என்று கூப்பிடுவார்கள். இடப்பக்கம் நின்று கூப்பிட்டால் அவருக்குக் கேட்காது என்பதும் அவர்களுக்குத் தெரியும். படம் எடுப்பவர் தூரத்தில் நின்று "நேரா பாருங்க, கொஞ்சம் சிரிங்க" என்று சொல்வது அண்ணனுக்கு எட்டாது. எல்லோரும் தன்னைப் பார்த்துக் கத்துகிறார்கள் என்று மட்டும் தெரியும். அதனால் கேமராவைக் கண்டதும் பந்திக்கு இலை போட, வாழைத்தார் தூக்க என்று எங்காவது நழுவிவிடுவார். மடவளையில் இரும்புச் சாமான் கடையில் இத்தனை காலம் வேலை செய்தார். அங்கேயும் அவரைப் பிடித்து ஒரு படம் எடுக்க ஆளில்லை.

முதலில் தானாகப் பின்னணியை நீக்கும் பொத்தானை அழுத்தினேன். கல்யாண மண்டபம், நாற்காலிகள், பின்னால் நின்ற குழந்தைகள் எல்லாம் நொடியில் போயின. அண்ணனும் அண்ணியும் அப்படியே நின்றார்கள். மறுபடி அழுத்தினேன், அளவுகளை மாற்றிப் பார்த்தேன். இருவரும் தொட்டுக்கொண்டு நின்றதால் அது இருவரையும் ஓர் உருவமாகவே எடுத்துக்கொண்டது. பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்திருந்த அண்ணி, "மெசினுக்கு இருக்கிற புத்தி உங்க பெரியப்பாவுக்கு இல்லையே" என்றார். நான் சிரித்தேனா என்று நினைவில்லை.

கையாலேயே வெட்டத் தொடங்கினேன். அண்ணியின் சேலை, தோள், முகம் எல்லாம் சுலபமாகப் போயின. சட்டைக் கைமேல் இருந்த விரல்கள்தான் கஷ்டம். விரலை அழித்தால் அதன் கீழே சட்டை இல்லை. அந்த இடத்துச் சட்டையை எந்தக் கேமராவும் பார்த்ததில்லை. இடது கைத்துணியிலிருந்து கோடுகளை எடுத்து, திருப்பி, ஒன்றோடொன்று பொருந்தும்படி ஒட்ட வேண்டியிருந்தது. நான் திரையை நெருங்கி ஒட்டிக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து அண்ணி சொன்னார்: "சுண்டு விரல் இன்னும் இருக்கு தம்பி." அதையும் எடுத்தேன்.

"என்ன, கொடியில காயுற கட்டம் போட்ட சாரத்துக்கு முன்னால நிக்கிற மாதிரி இருக்கு?" என்று பிறகு கேட்டார்.

"அது கட்டம் அண்ணி. பின்னால ஒன்னுமில்லன்னு அர்த்தம்."

"ஒன்னுமில்லாததுக்கா இவ்வளவு கட்டம்?"

வெட்டியது சரியாக இருக்கிறதா என்று கேட்டு, பின்னணி வைக்கும் முன்பே படத்தைப் பெரியப்பாவுக்குப் போனில் அனுப்பினேன். அதுதான் பிழை. பின்னணி இல்லாத படம் சில போன்களில் கறுப்பாகத் தெரியும். எனக்குத் தெரிந்த விஷயம்தான், அந்த நேரத்தில் தோன்றவில்லை. உடனே அழைப்பு வந்தது. "டேய், புள்ளைய ஏன்டா இருட்டுல நிக்க வச்சிருக்க?" இருட்டு இல்லை பெரியப்பா, அங்கே ஒன்றுமில்லை என்றேன். "ஒன்னுமில்லன்னா வெள்ளையால்ல இருக்கணும்? கறுப்பா இருந்தா அது இருட்டுதான்டா!" அவர் குரல் கடை முழுக்கக் கேட்டது. அண்ணி என் போனை வாங்கிப் பார்த்தார். அதிலும் அண்ணன் கும்மிருட்டில் நின்றுகொண்டிருந்தார். அதுவரை பேச்சும் கிண்டலுமாக இருந்தவருக்கு முகம் மாறிவிட்டது.

"இருட்டு வேணாம் தம்பி. வெளிச்சம் இல்லன்னா அவருக்குப் பேச்சு விளங்காது. வாயப் பாத்துத்தான் பாதிய புரிஞ்சுக்குவாரு. கரண்டு போனா என் கையப் புடிச்சுக்கிட்டுச் சும்மா இருப்பாரு."

அவசர அவசரமாக நீல வானத்தை எடுத்து வைத்தேன். இருந்ததிலேயே வெளிச்சமானது அதுதான். அப்போதுதான் இருவரும் அதைப் பார்த்தோம். அண்ணன் வலப்பக்கம் சாய்ந்து, விழப்போகிறவர் போல நின்றார். அண்ணி குள்ளம், அவர் சொல்வதைக் கேட்க அண்ணன் குனிந்து சாய்ந்திருக்கிறார். அண்ணி பக்கத்தில் இருந்தபோது அது யார் கண்ணுக்கும் சாய்வாகத் தெரியவில்லை. படத்தைச் சற்றுத் திருப்பி அவரை நிமிர்த்தினேன். தோள் நேரானது, கழுத்து வேறு பக்கம் முறுக்கியது. கழுத்தைச் சரிசெய்தேன். இப்போது ஓர் அலுவலகத்தில் கூப்பிடுவதற்காகக் காத்திருக்கும் யாரோ ஒருவர் அங்கே நின்றார்.

"இது யாரு?" என்றார் அண்ணி.

நிமிர்த்துவதற்காகச் செய்ததையெல்லாம் ஒவ்வொன்றாக நீக்கினேன். அண்ணன் மறுபடி சாய்ந்தார். இந்த மென்பொருளில் எனக்குத் தெரியாத கருவி இல்லை. ஒவ்வொன்றின் பெயரையும் மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். எதுவும் இதற்கு உதவாது. கேட்காமல் இருக்க முடியாமல் கேட்டேன், அந்த நேரம் அவரிடம் என்ன சொல்லிக்கொண்டிருந்தீர்கள் என்று.

"பந்தி போட்டுட்டாங்க, போட்டோவ விட்டுட்டு வாங்கன்னேன். ஆட்டுக்கறி முடிஞ்சிரும்னு சொன்னேன்." சொல்லிவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். சிரிப்பு நின்ற பிறகு, "இப்பிடியே குடுங்க தம்பி" என்றார்.

அப்படியே அச்சடித்துச் சட்டம் போட்டுக் கொடுத்தோம். கருமாதியன்று பெரியப்பா வந்து பார்த்தார், ஆணி சரியில்லை என்று சொல்லிச் சட்டத்தை எதிர்ப்பக்கமாகக் கொஞ்சம் சாய்த்தார். அண்ணன் நேராக நின்றார். சட்டம் கோணலாகத் தொங்கியது. அன்றிலிருந்து வருகிறவர்கள் எல்லோரும் அதையே செய்கிறார்கள். யாருக்கும் தாங்கள் செய்வது தெரிவதில்லை. விழப்போகிற மனிதனைப் பார்த்தால் கை தானாக நீள்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை அண்ணி வீட்டுக்குப் போயிருந்தேன். மேலே மலை முழுக்க மூடுபனி; அறைக்குள் பகலிலேயே விளக்கு எரிந்தது. சட்டம் கோணலாகத்தான் இருந்தது. எனக்குக் கோணலாக எதுவும் இருந்தால் பொறுக்காது. ஆனால் எதை நேராக்குவது என்று தெரியாமல் சுவருக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். அண்ணி தேத்தண்ணியோடு வந்தார். கோப்பையை என்னிடம் கொடுத்துவிட்டு, ஆடு அடுப்பங்கரைக்குள் வந்தால் தள்ளிவிடுவதுபோல, யோசிக்காமல் சட்டத்தின் மூலையைத் தட்டிச் சரிசெய்தார். அண்ணன் சாய்ந்தார். அண்ணி படத்தில் அண்ணனின் வலது காது இருந்த பக்கம் போய் நின்று, அந்தச் சின்ன அறைக்குத் தேவையே இல்லாத உரத்த குரலில் சொன்னார்: "தம்பி வந்திருக்காரு!"

சொல்லிவிட்டு, ஒருவர் திரும்பிப் பார்க்க எவ்வளவு நேரமாகுமோ, அவ்வளவு நேரம் அங்கேயே நின்றார். நான் கோப்பையைப் பிடித்தபடி, குடிக்காமல் நின்றிருந்தேன்.