அப்பா சீவாத மரம்

ஒட்டுப்பாலின் நாற்றம் இன்னும் என் மூக்கைவிட்டுப் போகவில்லை. பாடாங் செராய்க்குப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் வளர்ந்த எங்களுக்கு, மரப்பட்டையில் உறைந்து புளித்த அந்தச் சக்கையின் வாடை அம்மாவின் சேலையிலும் தலையணையிலும் பள்ளிப் புத்தகத்திலும்கூட இருந்தது.

எனக்கு எட்டு வயதில், பிறந்து பதினோரு நாளே ஆன தங்கை காய்ச்சலில் இறந்துபோனாள். பெயர்கூட வைத்திருக்கவில்லை. அடைமழையில் சுடுகாட்டுப் பாதையை ஆறு மூடிவிட்டதால், அப்பா தன் 'நிரை'யிலேயே, அதாவது தினமும் தான் பால் சீவும் மரவரிசையிலேயே, ஒரு மரத்தடியில் அவளை அடக்கம் செய்துவிட்டு வந்தார். பெண்கள் அடக்கத்துக்குப் போகும் வழக்கமில்லை. எந்த இடம் என்று அம்மா கேட்கவில்லை. சொன்னால் வேலையை விட்டுவிட்டு அங்கேயே போய் உட்கார்ந்துகொள்வாள் என்று அப்பாவும் சொல்லவில்லை. அந்த மரத்தில் மட்டும் கத்தி வைப்பதை நிறுத்திவிட்டார். விசாரித்த 'கங்காணி'யிடம் பால் வற்றிய மரம் என்று சொல்லிவிட்டாராம். பொய் சொன்னால் முகத்தில் தெரிந்துவிடும் மனிதர், எப்படித்தான் சமாளித்தாரோ.

மறுவருடம் அவர் கால் வீங்கிப் படுத்தபோது, புல்வெட்டுக்குப் போய்க்கொண்டிருந்த அம்மா அவருடைய கத்தியை எடுத்துக்கொண்டு நிரைக்குப் போனாள். பள்ளி விடுமுறை, நானும் வாளியைத் தூக்கிக்கொண்டு கூடப் போனேன். நல்ல பட்டையோடு ஒரு மரம் சீவப்படாமல் நிற்பதைப் பார்த்து, உங்கப்பாவுக்கு உடம்பு வளையவில்லை என்று என்னிடம் அலுத்துக்கொண்டே அதையும் சீவினாள். ஓய்ந்து கிடந்த மரமல்லவா, பால் பிடிக்கும் 'மங்கு' நிரம்பிக் கீழே வழிந்தது. வீட்டுக்கு வந்ததும் அதை அப்பாவிடம் பெருமையாகச் சொன்னாள்.

அப்பா சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தார்.

"அதுல ஏன் கத்தி வச்ச? பாப்பா அங்கதான இருக்கு."

அம்மா பின்கட்டுக் குழாயடிக்குப் போய்க் கைகளைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள். தண்ணீர் ஓடும் சத்தம் நிற்கவே இல்லை. நான் பயந்துபோனேன். அதன்பின் அவள் பால் கத்தியைத் தொட்டதில்லை.

பிறகு கித்தா என்று நாங்கள் சொல்லும் ரப்பர் மரங்களைச் சாய்த்து, எண்ணெய்க்காகச் செம்பனை நட்டார்கள். அதையும் அழித்து இப்போது 'தாமான்', அதாவது வீட்டுக் குடியிருப்பு, கட்டிவிட்டார்கள். அப்பாவும் போய்விட்டார். என் தம்பி மகள் கனடாவில், கோதுமை வயல்களுக்கு நடுவே ஒரு சின்ன ஊரில் இருக்கிறாள். ஆட்கள் முக்கால்வாசி வெளியேறிவிட்ட ஊராம். ஆனாலும் ஊர் உருவான முதல் குளிர்காலத்தில் இறந்த குழந்தைகளுக்குக் கல் நட்டு, புல்லைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள் என்று படம் அனுப்பியிருந்தாள். அம்மா கைப்பேசியைக் கண்ணருகே வைத்துப் பார்த்தாள். எனக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது. தலைமுறை தலைமுறையாக உழைத்த இடத்தில் எங்களுக்கு ஒரு கல்கூட இல்லை.

"என்னைய நம்ம தோட்டம் இருந்த இடத்துக்குக் கூட்டிட்டுப் போ," என்றாள் அம்மா.

போன ஞாயிற்றுக்கிழமை காரில் கூட்டிப்போனேன். எல்லாம் ஒரே அச்சு வீடுகள். எந்த இடம் என்று எனக்குத் துளியும் பிடிபடவில்லை. எண்பது வயதுக்காரியிடம் அதை எப்படிச் சொல்வது? இங்கேதான் என்று ஏதோ ஒரு வீட்டைக் காட்டினேன். கண்ணாடியை இறக்கச் சொல்லி, வாசலில் கிடந்த சின்ன சைக்கிளையே அம்மா பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பிள்ளைங்க இருக்கிற வீடுதான். சரி, போலாம்."

இந்த ஞாயிறும் போக வேண்டும் என்கிறாள். அங்கே வைக்கப் பூ வாங்கச் சொல்லியிருக்கிறாள். போன வாரம் எந்த வீட்டைக் காட்டினேன் என்று எனக்கு நினைவில்லை.