வௌவால்கள் விழுந்த மதியம்

அந்த மாசியில் அத்தை கையில் ஒரே ஒரு பையோடு எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். கேட்டவர்களிடமெல்லாம் அம்மா, "வெயிலுக்கு வந்திருக்குது" என்று சொன்னாள். வெயில் இன்னும் தொடங்கவே இல்லை. அதோடு, அத்தையைக் கட்டிக்கொடுத்திருந்த சின்னசேலத்திலும், ரிஷிவந்தியம் பக்கத்து எங்கள் ஊரிலும் அடிப்பது ஒரே வெயில்தான். ஆனாலும் யாரும் மறுத்துப் பேசவில்லை. நான் மட்டும், "பாப்பாவ ஏன் கூட்டிக்கினு வரல?" என்று கேட்டேன். அத்தைக்குப் பத்து மாதத்தில் தவழ்கிற மகன் இருந்தான். அம்மா என் தொடையில் கிள்ளினாள். அத்தை குடிக்க எடுத்த தண்ணீரைக் குடிக்காமல் கீழே வைத்தாள்.

பிள்ளையை வைத்துக்கொண்டு அவளை மட்டும் அனுப்பிவிட்டார்கள் என்பதைச் சுவருக்கு இந்தப் பக்கம் படுத்தபடி கேட்டுத் தெரிந்துகொண்டேன். அம்மா போய்ப் பேசச் சொல்லும்போதெல்லாம் அப்பாவிடம் ஒரே பதில்தான். "அனுப்புனவங்க வந்து கூப்புடட்டும்." அவர்கள் வரவில்லை. அப்பாவும் போகவில்லை. பங்குனி போயிற்று, சித்திரையும் போயிற்று.

எனக்குப் பள்ளிக்கூடம் விட்டிருந்தது. காலைச் சாப்பாடு முடிந்ததும் அத்தை ஏரிக்கரைக்குப் போவாள், நானும் பின்னால் போவேன். எங்கள் கரும்புக்கொல்லையை ஒட்டி இரண்டு புளியமரங்கள் நின்றன. ஒன்றின் நிழலில் நாங்கள் உட்காருவோம். மற்றொன்று முழுக்கப் பழந்தின்னி வௌவால்கள்.

காலையில் அவை இறக்கையைப் போர்த்திக்கொண்டு அசையாமல் தொங்கும். இரவெல்லாம் பறந்த உடம்பு, மிச்சமிருக்கும் தெம்பை அப்படிக் காப்பாற்றி வைத்துக்கொள்ளும். வெயில் ஏற ஏற ஒரு இறக்கை விசிறும், பிறகு இரண்டும். அதற்கும் தாளாவிட்டால் மார்பையும் இறக்கையையும் நக்கி எச்சிலால் நனைத்துக்கொண்டு விசிறும். எந்த வௌவால் எத்தனை தடவை விசிறுகிறது என்று எண்ணுவது என் வேலை. அத்தை எண்ணமாட்டாள். குட்டியை மார்பில் ஒட்டவைத்துக்கொண்டு இரண்டு பேருக்குமாகச் சேர்த்து விசிறுகிற தாய் வௌவால்களை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பாள்.

அக்னி நட்சத்திரம் முடிய இரண்டு நாள் இருந்தது. அன்று மதியம் காற்று அடியோடு நின்றுவிட்டது. விசிறிக்கொண்டிருந்த வௌவால்கள் ஒவ்வொன்றாக விசிறுவதை நிறுத்தின. கிளைகளை விட்டு இறங்கிவந்து அடிமரத்து நிழலில் ஒன்றின்மேல் ஒன்றாக அப்பிக்கொண்டன. கொஞ்ச நேரத்தில் பொத்தென்று ஒன்று கீழே விழுந்தது. பிறகு இன்னொன்று.

"அத்தே, செத்துப்போச்சு!" என்று கத்தினேன்.

அத்தை கொல்லைக்குள் ஓடினாள். கரும்புக்குப் பாய்ந்துகொண்டிருந்த தண்ணீர் ஹோஸை இழுத்துவந்து, அதன் வாயைக் கட்டைவிரலால் அழுத்தி மரத்தின்மேல் பீய்ச்சினாள். நான் பின்னாலிருந்து ஹோஸின் சிக்கலை எடுத்துவிட்டேன். அவள் பிடித்த தண்ணீர் பாதி மரத்துக்குத்தான் எட்டியது.

தண்ணீர் வராத பாத்தியைப் பார்த்துவிட்டு அப்பா வந்தார். "கரும்பு காயுது, நீ இன்னா வௌவாலக் குளிப்பாட்டிக்கினு இருக்கற?"

அத்தை காலடியைக் காட்டினாள். விழுந்து செத்த தாயின் மார்பில் ஒரு குட்டி ஒட்டிக்கிடந்தது. அதன் வாய் அசைந்துகொண்டிருந்தது.

"செத்தது தெரியாம குடிச்சிக்கினு இருக்குதுண்ணா," என்றாள். அப்படியே சேற்றில் உட்கார்ந்து ஓங்கி அழுதாள். மாசியிலிருந்து அவள் அழுது நான் பார்த்ததில்லை.

அப்பா குனிந்து அந்தக் குட்டியைப் பார்த்தார். பிறகு ஹோஸைக் கையில் எடுத்தார். அவர் பிடித்தபோது தண்ணீர் உச்சிக்கிளை வரைக்கும் போனது. மோட்டாருக்கு வரும் மும்முனை கரண்ட் நிற்கும்வரை நனைத்தார். வௌவால்கள் உடம்பை உதறின, இறக்கையில் வழிந்த தண்ணீரை நக்கின, மறுபடியும் மெல்ல விசிற ஆரம்பித்தன. ஈரத்துண்டில் சுற்றிவைத்த அந்தக் குட்டி மட்டும் பொழுது சாய்வதற்குள் அடங்கிவிட்டது. அப்பாதான் குழி தோண்டினார். நாங்கள் நிமிர்ந்தபோது, பிழைத்தவை கல்வராயன் மலைப்பக்கம் கூட்டமாகப் பறந்துகொண்டிருந்தன.

மறுநாள் அப்பா வெள்ளைச்சட்டை போட்டுக்கொண்டு முதல் பஸ்ஸில் சின்னசேலம் போனார். யாரும் வந்து கூப்பிடவில்லை, அவரேதான் போனார். அங்கே என்ன பேசினார், யாரிடம் எவ்வளவு தணிந்தார் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. மூன்றாம் நாள் மதியம், தோளில் பிள்ளையோடு திரும்பி வந்தார்.

வாசலில் இறக்கிவிட்டதும் அவன் நின்றான். இரண்டு எட்டு நடக்கவும் செய்தான். அத்தை விட்டுவந்தபோது தவழ்ந்துகொண்டிருந்தவன் அவன். அவள் மண்டியிட்டு இரண்டு கையையும் நீட்டி, "வாடா, என் ராசா" என்றாள். அவன் அவளை ஏற இறங்கப் பார்த்தான். அப்பாவின் வேட்டிக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டு வீறிட்டான்.

நான் ஒரு பிஸ்கட்டை நீட்டினேன். கொஞ்சம் யோசித்துவிட்டு என்னிடம் வந்தான். எனக்குத் தலைகால் புரியவில்லை. இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு, "பாருங்க, அத்தைகிட்ட போவல! எங்கிட்டதான் வந்தான்!" என்று வீடு முழுக்கச் சொல்லிக்கொண்டு சுற்றினேன்.

யாரும் என்னோடு சேர்ந்து சிரிக்கவில்லை. அத்தை மட்டும், "ஆமா பாப்பா, உங்கிட்டதான் வந்தான்" என்று சிரித்தாள். அவள் இன்னும் எழுந்திருக்கவில்லை. நீட்டிய கைகளும் நீட்டியபடியே இருந்தன. பிள்ளைதான் என்னிடம் வந்துவிட்டானே, இவள் ஏன் இன்னும் கையை மடக்காமல் இருக்கிறாள் என்று அன்றைக்கு எனக்கு விளங்கவே இல்லை.