அப்பாவுக்கு வந்த விமான அழைப்பு

இன்று காலை தொழிற்சாலை பஸ் புக்கிட் செந்தோசாவைத் தாண்டும்போது ஒரு போன். பெண் குரல், நல்ல தமிழ்.

"மிஸ்டர் முனுசாமி இருக்காரா? கோத்தா பாரு பிளைட் மறுபடியும் ஓடப்போகுது. அவரோட சீட் ரெடி."

முனுசாமி என் அப்பா. காலமாகிவிட்டார். விமானத்தில் ஏறியதே இல்லை.

கோத்தா பாரு, சிபு, தாவாவ் என்று மலேசிய ஊர்களுக்குப் பறந்துகொண்டிருந்த அந்த விமானக் கம்பெனியையும் மூடியாகிவிட்டது.

"அப்பா இல்லையே..."

"பரவால்ல. உங்க போனுக்கு இப்ப ஒரு நம்பர் வரும், அதச் சொல்லுங்க."

நம்பர் வந்தது. சொல்ல வாயெடுத்துவிட்டேன். பக்கத்து சீட் மலர் அக்கா போனைப் பிடுங்கி அணைத்தார்.

"பேங்க் அனுப்புற நம்பர் லா அது! சொன்னா அக்கவுண்ட் காலி!"

பிறகுதான் உறைத்தது. அந்தக் கம்பெனியில் ஒருமுறை நான் டிக்கெட் எடுத்திருந்தேன். என் பெயருக்குப் பின்னால் இருந்த அப்பா பெயரைக் குடும்பப் பெயர் என்று நினைத்துக் கூப்பிட்டிருக்கிறார்கள். அப்படியென்றால் என் விவரமெல்லாம் இப்போது யார் கையில்?

இல்லாத கம்பெனி, இல்லாத மனிதரைக் கூப்பிடுகிறது. நடுவில் மாட்டப் பார்த்தது உயிரோடு இருக்கும் நான்.

உங்கள் அப்பாக்களுக்கும் சீட் ரெடியா?