பிரேக் அக்கா சொன்ன ‘ஆமாம்’

பங்க் மேனேஜருக்கும் அவளுக்கும் ஒன்றும் கிடையாது. இருந்திருந்தால் அந்த மனிதன் ஒருநாளாவது டயருக்கு ஓசியில் காற்றுப் பிடித்துவிட்டிருக்க மாட்டானா? மீதிச் சில்லறைக்கு மிட்டாய் நீட்டுகிற ஆள் அவன். அவனோடு போய் அவளை முடிச்சுப் போட எப்படித்தான் வாய் வந்ததோ. தினமும் பெட்ரோல் பங்க்குக்குப் போகிறாளாம், போனால் சீக்கிரம் திரும்புவதில்லையாம், வரும்போது முகம் கழுவியிருக்கிறாளாம். இத்தனையும் பார்த்தவர்களுக்கு அந்தப் பங்க்கின் பின்பக்கத்தில் தாழ்ப்பாள் உடைந்த கக்கூஸ் ஒன்று இருப்பது மட்டும் கண்ணில் படவில்லை.

அவள் பெண்களுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். நாள் முழுக்க “பிரேக், பிரேக்” என்று தொண்டை கிழியக் கத்தியே பிரேக் அக்கா என்று பெயர் வாங்கியவள். கற்றுக்கொள்ளும் பெண் பயந்துபோய் மிதித்தால் கார் குலுங்கி நிற்கும். அவள் மிதிக்காவிட்டால் அக்கா தன் காலடியில் இருக்கும் பிரேக்கை மிதிப்பாள். அதற்கும் குலுங்கும். எந்தக் குலுக்கலாக இருந்தாலும் அக்காவுக்குச் சொட்டுச் சொட்டாகச் சிறுநீர் கசிந்துவிடும். இரண்டாவது பிள்ளை பிறந்ததிலிருந்து இதே பாடுதான். அந்தப் பிள்ளைக்கு இப்போது மீசை முளைத்துவிட்டது.

யாரிடமும் அவள் வாய் திறந்ததில்லை. சீட்டில் துண்டை மடித்துப் போட்டுக்கொள்வாள். கேட்டால் இடுப்பு வலி என்பாள். கருப்புத் துணியைத் தவிர வேறு எதையும் உடுத்த மாட்டாள். தண்ணீர் பாட்டில் அழகுக்காகக் காரில் இருக்கும், திறந்து குடிக்க மாட்டாள். இடப்பக்கம் திருப்பக் கற்றுக்கொள்கிறவளும் பங்க் வழியாகத்தான் போக வேண்டும், ரிவர்ஸ் கற்றுக்கொள்கிறவளும் பங்க் வழியாகத்தான் போக வேண்டும். பெண்கள் நுழையக்கூடிய கக்கூஸ் அந்தப் பக்கத்தில் வேறு எங்கே இருக்கிறது, சொல்லுங்கள்.

அவள் வீட்டுக்கு மேல்வீட்டில் ஒருத்தி. பஸ்ஸில் போகும்போது இதைப் பார்த்தாள். இறங்குவதற்குள் அதற்குக் கண், காது, மூக்கு எல்லாம் வைத்துவிட்டாள். ஒரு மாதத்துக்குள் தாய்மார்கள் தங்கள் பெண்களை அவளிடம் அனுப்புவதை ஒவ்வொருவராக நிறுத்தினார்கள்.

டிரைவிங் ஸ்கூல் ஓனர் கூப்பிட்டுச் சொன்னார்: “நான் உன்னைச் சந்தேகப்படலைம்மா. கொஞ்ச நாள் வீட்ல இரு. பேச்சு அடங்கட்டும்.”

“சந்தேகப்படலைன்னா சாவியைக் கொடுங்க சார்.”

அவர் மேசை விசிறியைத் தன் பக்கம் திருப்பிவைத்துக்கொண்டாரே தவிர, சாவியைக் கொடுக்கவில்லை.

வீட்டிலாவது நிம்மதி உண்டா? கணவர் அச்சகத்தில் வேலை பார்க்கிறவர், அதிர்ந்து பேசாத மனிதர். அவர் ஒன்றுமே கேட்கவில்லை. ஆனால் வேலை முடிந்ததும் ஸ்கூட்டரை நேராக அந்தப் பங்க்குக்கு விட்டு, மேனேஜர் முகத்தை ஏற இறங்கப் பார்த்துவிட்டு வந்து, பெட்ரோல் போடப் போனேன் என்றார். முந்தின நாள்தான் டாங்க் நிரப்பியிருந்தது. அது அவளுக்குத் தெரியும்.

“நிரம்பின டாங்க்ல எங்கங்க ஊத்தினீங்க?” என்று கேட்டாள்.

அவர் செருப்பைக் கழற்றுவதில் மும்முரமாகிவிட்டார். மேல்வீட்டுக்காரி பேசியதெல்லாம் அவளுக்குக் காதோடு போயிற்று. இது வயிற்றுக்குள் இறங்கியது.

ரத்த அழுத்த மாத்திரைக்காக மாதாமாதம் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அவள் போவாள். நர்ஸ் மேசைக்கும் பெஞ்சுக்கும் நடுவே ஒரு துணித் திரை. அது கண்ணைத்தான் மறைக்கும். போன மாதத்திலிருந்து நர்ஸ் எல்லாப் பெண்களிடமும் புதிதாக ஒன்று கேட்கத் தொடங்கியிருந்தாள்: “இருமினா, தும்மினா, சிரிச்சா உங்களை அறியாம சிறுநீர் கசியுதாம்மா? பாத்ரூம் போறதுக்குள்ள வந்துடுதா?”

திரைக்கு இந்தப் பக்கம் பெஞ்சு முழுக்கக் காதுகள். எல்லாரும் இல்லை என்றார்கள். அக்காவும் இல்லை என்றாள். அன்றைக்கு அந்த வட்டாரத்தில் ஒரு பெண்ணுக்குக்கூட ஒரு சொட்டுக் கசியவில்லை.

இந்த மாதம் அவள் போனபோது பெஞ்சில் அவளுக்கு அடுத்து மேல்வீட்டுக்காரி. நர்ஸ் அதே கேள்வியைக் கேட்டாள்.

“ஆமா” என்றாள் பிரேக் அக்கா. பின் சீட்டுக்கும் கேட்கிற, கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிற குரல். “ரெண்டாவது பிள்ளை பொறந்ததிலேருந்து கசியுது. அதுக்குத்தான் பங்க்குக்குப் போறேன். மேனேஜரைப் பாக்க இல்ல, அங்க இருக்கிற கக்கூஸுக்கு.”

“மெதுவாச் சொன்னாலே எனக்குக் கேக்கும்மா.”

“உங்களுக்குக் கேக்கும். பெஞ்சுக்குக் கேக்க வேணாமா?”

நர்ஸ் சிரிக்கவில்லை. உள் அறைக்கு அழைத்துப்போனாள். சிறுநீரைச் சோதித்தார்கள், சர்க்கரை பார்த்தார்கள், டாக்டரம்மா பரிசோதித்தாள். சிறுநீர்ப்பையைத் தாங்கும் கீழ்த்தசை தளர்ந்திருக்கிறது, பிள்ளை பெற்ற பலருக்கும் வருவதுதான் என்றாள். சிறுநீரையும் வாயுவையும் ஒன்றாக அடக்குவதுபோல் அந்தத் தசையை இறுக்கிப் பிடித்து, பிறகு தளர்த்த வேண்டும். மூச்சைப் பிடிக்கக் கூடாது. மாதக்கணக்கில் விடாமல் செய்ய வேண்டும்.

“தண்ணி குடிக்காம இருந்தா நிக்கும்னு நினைச்சேன்” என்றாள் அக்கா.

“எரிச்சல்தான் வரும். முதல்ல தண்ணியைக் குடிங்க.”

அவள் வெளியே வந்தபோது அடுத்து உள்ளே போக வேண்டிய மேல்வீட்டுக்காரியைக் காணோம். எழுந்துபோய் வரிசையின் கடைசியில் உட்கார்ந்திருந்தாள். பின்னால் ஒரு காதும் இல்லாத இடம் அது.

அக்கா வீடு சேருமுன் சேதி வீட்டுக்குப் போய்விட்டது. கணவர் வாசலிலேயே நின்றார்.

“எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல?”

“நீங்க கேட்டிருக்கலாம்ல? பொண்டாட்டிகிட்ட ஒரு வார்த்தை கேக்க பெட்ரோல் எதுக்குங்க?”

அவர் உள்ளே போய் இரண்டு டம்ளர் டீ போட்டு எடுத்துவந்தார். மன்னிப்பு என்ற சொல் அந்த மனிதரின் வாயில் வராது, டீதான் வரும். அவள் டீயைத் தள்ளிவைத்துவிட்டுத் தண்ணீரைக் குடித்தாள்.

பேச்சு அடங்கியதா என்றால், அதுதான் இல்லை. முன்பு ஒழுக்கம் இல்லை என்றவர்கள் இப்போது கூச்சம் இல்லை என்றார்கள். நாலு பேர் முன்னால் இதையெல்லாம் ஒரு பொம்பளை சொல்லலாமா என்றார்கள். சொல்லாமல் இருந்தபோது மட்டும் என்ன பூமாலையா போட்டார்கள்? அவள் அடுப்படியில் நின்றபடியும், துணி மடித்தபடியும், டிவி பார்த்தபடியும் மாதக்கணக்கில் இறுக்கினாள், தளர்த்தினாள். முழுக்க நின்றுபோனது என்று சொன்னால் பொய். பலமாகத் தும்மினால் இன்னும் கொஞ்சம் உண்டு. ஆனால் கணவரின் ஸ்கூட்டர் பள்ளத்தில் இறங்கி ஏறினாலும் கசியவில்லை, குலுக்கலுக்கு நின்றது.

அதோடு அவள் ஓனருக்குப் போன் போட்டாள். “நாளைக்கு வர்றேன் சார்.”

“யாரும்மா இருக்கா உங்கிட்டக் கத்துக்க? ஒரே ஒரு பொண்ணுதான் நீதான் வேணும்னு நிக்குது. அதுவும் கிளட்ச் எது, பிரேக் எதுன்னு தெரியாத பொண்ணு.”

“அது போதும் சார்.”

மறுநாள் காலையில் அவள் பச்சைச் சேலை கட்டினாள். கணவர் பார்த்துக்கொண்டே நின்றார். “இன்னும் கொஞ்ச நாள் போகட்டுமே. படியில நாலு பேரு நிக்கிறாங்க.”

“நிக்கட்டும். நான் அவங்க மேல நடக்கப் போறதில்ல, படி மேலதான் நடக்கப் போறேன்.”

“ஏதாவது சொன்னா?”

“ஆமான்னு சொல்லிட்டுப் போறேன்.”

கதவைத் திறந்தாள். படியில் பேச்சு பாதியில் நின்றது. அவள் யாருக்காகவும் ஒதுங்கவில்லை. அவர்கள்தான் சுவரோடு ஒட்டிக்கொண்டார்கள். நேராக இறங்கித் தெருவுக்குப் போனாள்.