களத்துமேட்டில் கூவிய பேர்கள்

தஞ்சாவூரில் கரந்தையைத் தாண்டி வடவாற்றை ஒட்டியிருந்தது களத்துமேட்டுத் தெரு. ஒரு காலத்தில் பண்ணையாட்கள் குடிசை போட்ட மேடு. நகரம் பெருத்து வந்து அதைச் சூழ்ந்துகொண்டது. வயல்கள் மனைகளாயின. குடிசைகள் மட்டும் அப்படியே நின்றன.

அந்தத் தெருவுக்குக் கோடைக்காலச் செய்தி சொல்கிறவன் இராஜாங்கம். ஆறு வறண்டு வயல் வேலை ஓய்ந்ததும் தகரப் புனல் ஒன்றை வாயில் வைத்துக் கூவிக்கொண்டு சுற்றுவட்டாரமெல்லாம் நடப்பான். தெருக்குழாயில் தண்ணீர் எப்போது வரும், எந்த வீட்டில் அம்மை கண்டிருக்கிறது, மாரியம்மனுக்குக் கஞ்சி வார்ப்பது என்றைக்கு, மன்றத்துப் பையன்களின் கபடி யாரோடு என்பதெல்லாம் அவன் வாயிலிருந்துதான் ஜனங்களுக்குத் தெரியும். கூட்டத்தில் பிள்ளை தொலைந்தால் அங்க அடையாளம் சொல்லிக் கூவுவான். அவனுடைய அப்பா பண்ணைக்குத் தமுக்கடித்தவர். பிந்தி வந்தால் சவுக்கடி வாங்கியவர். அந்த முதுகைப் பார்த்து வளர்ந்தவன் தமுக்கைத் தொடுவதில்லை என்று வைராக்கியமாக இருந்தான்.

குடியிருப்பவனுக்கே மனை சொந்தம் என்று சர்க்கார் சட்டம் போட்ட மறுவருஷம். களத்துமேட்டை அளக்கத் தாசில்தார் வரப்போகிறார் என்று பேச்சு அடிபட்டது. மிராசுதார் பஞ்சநதத்தின் காரியக்காரர் மோட்டார் சைக்கிளில் வந்து இராஜாங்கத்தைக் கூப்பிட்டார்.

"ஆனி பொறக்கறதுக்குள்ள எல்லாரும் காலி பண்ணிடணும்னு தெருத்தெருவா சொல்லிடு."

"அதை நான் சொல்லமாட்டேங்க."

"ஏன், வாய் வலிக்குதா?"

"நானும் இங்கதாங்க இருக்கேன்."

காரியக்காரர் காலில் கிடந்த செருப்பைக் கழற்றி அவன் கன்னத்தில் அறைந்துவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போனார். இராஜாங்கத்தின் மனைவி அம்சம் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுடைய தம்பி வீரையன் அந்தப் பண்ணையில்தான் காவல் வேலை பார்த்தான்.

அடுத்த வாரம், அக்னி நட்சத்திரத்து உச்சிவெயிலில் ஆம்பிளைகள் பாதிப்பேர் செங்கல் சூளைக்குப் போயிருந்த நேரமாகப் பார்த்து வந்தார்கள். எட்டுப் பேர். முகத்தைத் துண்டால் இறுக்கக் கட்டியிருந்தார்கள். கையில் அரிவாளும் கழியும் மண்ணெண்ணெய் டின்னும். முதல் கூரையில் வைத்த தீ காற்றில் தாவி நாலாவது கூரைக்குப் போயிற்று. கட்டியிருந்த ஆடு கயிற்றை அறுக்க முடியாமல் கதறிக்கதறி வெந்தது. தடுக்கப் போன பொன்னுத்தாயின் முழங்கையில் அரிவாள் விழுந்தது. அவள் கை ஒரு பக்கமாகத் தொங்க, பேரப்பிள்ளையை இழுத்துக்கொண்டு ஆற்று மணலில் இறங்கி ஓடினாள்.

இராஜாங்கமும் ஓடியிருக்கலாம். ஆற்றுப் பக்கம் வழி திறந்தே கிடந்தது. ஆனால் ஓடுகிற ஒருத்தனின் இடது தோள் ஏறி இறங்குவதைப் பார்த்தான். அந்த நடை அவனுக்குத் தெரியும். அவன் கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழனாகக் கூட வந்த நடை. அம்சம் பக்கத்தில்தான் நின்றாள். அவளும் பார்த்துவிட்டாள்.

அவன் புனலை எடுத்தான்.

"பண்ணைக் காவல்காரன் வீரையன் தீ வைக்கிறான். மில்லுத் தெரு தியாகேசன் பொன்னுத்தாயை வெட்டிட்டான். முகத்தை மூடியிருக்கான், கேட்டுக்குங்க."

வீரையன் நட்டநடுத் தெருவில் நின்றுவிட்டான். மற்றவர்கள் இராஜாங்கத்தின் மேல் பாய்ந்தார்கள். கழி தோளில் விழுந்தது, முதுகில் விழுந்தது. அவன் சுவரோரம் சாய்ந்தபடி, இருமலிலும் குரலிலும் கண்டுபிடித்த பேர்களை ஒவ்வொன்றாகக் கூவினான். அப்பன் பேரும் தெருப் பேரும் சேர்த்துச் சொன்னான். ஆறாவது பேர் பாதியில் இருக்கும்போது கழி தாடையில் இறங்கிற்று. எலும்பு முறிந்த சத்தம் அவனுக்கே கேட்டது.

இட்லிக்கடை கமருன்னிஸா வடிக்காத உலையைத் தூக்கி வந்து அடித்தவன் முதுகில் கவிழ்த்தாள். அவன் அலறிக்கொண்டு உருண்டான். அதற்குள் பெரிய தெருவிலிருந்து ஜனம் ஓடிவந்தது. பேர்களைக் கேட்டுவிட்டுத்தான் வந்தது. மற்றவர்கள் தப்பிவிட்டார்கள். வீரையன் மாட்டிக்கொண்டான்.

"இவன்தான் வீரையன்" என்று யாரோ துண்டை உருவினார்கள். உலக்கையும் கல்லும் விழுந்தன. அவன் "அக்கா, அக்கா" என்று கத்தினான். அம்சம் கூட்டத்துக்குள் புகப் பார்த்துத் தள்ளப்பட்டு விழுந்தாள். போதும் விடுங்கடா என்று சொல்ல இராஜாங்கம் வாயைத் திறந்தான். தாடை தொங்கியது. ரத்தமும் இரண்டு பல்லும் வந்தன, சொல் வரவில்லை. இராஜாங்கம் பேர் சொன்னதற்கு அவன் கண் முன்னாலேயே வீரையனின் வலது முழங்கால் நொறுங்கிற்று.

பெரியாஸ்பத்திரியில் இருவரையும் ஒரே வார்டில் போட்டார்கள். வீரையனின் கட்டில் பக்கத்தில் போலீஸ்காரர் உட்கார்ந்திருந்தார். அம்சம் ஒரே தூக்குச்சட்டியில் கஞ்சி கொண்டுவந்து முதலில் தம்பிக்கு ஊட்டுவாள், பிறகு புருஷனுக்கு. புருஷனிடம் இரண்டு மாதம் ஒரு வார்த்தை பேசவில்லை. பொன்னுத்தாய்க்குக் கை பிழைத்தது, விரல்கள் மடங்கவில்லை.

கோர்ட்டில் தெருவே சாட்சி சொன்னது. பேரைக் காதால் கேட்டோம் என்று நாற்பது பேர் நின்றால் வக்கீலால் என்ன செய்ய முடியும். ஆறு பேருக்குத் தண்டனை. மிராசுதார் அந்த வாரம் கொடைக்கானலில் இருந்ததாகக் காட்டி வெளியே வந்துவிட்டார். அவர்தான் அனுப்பினார் என்று கூண்டில் நின்று சொன்னவன் வீரையன் ஒருத்தன்தான். குற்றவாளியின் பேச்சு என்று தள்ளிவிட்டார்கள். களத்துமேட்டுக்குப் பட்டா வந்தது, மூன்று வருஷம் கழித்து.

இராஜாங்கத்தின் தாடை கோணலாகக் கூடிக்கொண்டது. அவன் பேசினால் பக்கத்தில் நிற்பவருக்குத்தான் புரியும். லாரி செட்டில் காவலுக்குப் போனான்.

ஜெயிலிலிருந்து வந்த வீரையனைப் பண்ணை சேர்க்கவில்லை. கழியை ஊன்றிக்கொண்டு அக்கா வீட்டு வாசலில் வந்து நின்றான். அம்சம் புருஷனைப் பார்த்தாள். இராஜாங்கம் நகர்ந்து இடம் விட்டான்.

சாப்பிடும்போது வீரையன் கேட்டான்: "என் பேரை ஏன் மச்சான் முதல்ல சொன்னீங்க?"

இராஜாங்கம் வாயிலிருந்ததை விழுங்கிவிட்டு மெதுவாகச் சொன்னான். "உன்னைத்தான் முதல்ல தெரிஞ்சுது."

வீரையன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். அம்சம் இரண்டு தட்டிலும் குழம்பு ஊற்றினாள்.